சுற்றும் தலையும் தேயும் எலும்பும்

அறுபது வயதைக் கடந்த பெண்ணொருவர் 'தலை சுற்றுகிறது' என்று சொன்னால், நம் வீடுகளில் அதற்கு ஆயத்தமான விடைகள் பல உண்டு. பித்தம் ஏறிவிட்டது, ரத்த அழுத்தம் கூடிவிட்டது, சர்க்கரை இறங்கிவிட்டது, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்று சில வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், படுக்கையில் புரண்டால் அறையே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது, சில மாதங்கள் கழித்து மீண்டும் வருகிறது என்று ஒருவர் கூறுவாரானால், காரணம் பெரும்பாலும் இவற்றுள் எதுவும் அன்று. அது காதுக்குள் இருக்கிறது. அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடிப் போனால், பலருக்கு அந்தத் தேடல் எலும்பில் போய் முடிகிறது.

மருத்துவம் என் துறை அன்று. பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். எனினும், மிக மலிவான தீர்வு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்க, அதை அறியாமல் குடும்பங்கள் பெருஞ்செலவும் பெருந்துன்பமும் அடைவது பொருளியலும் கவலைகொள்ள வேண்டிய செய்தி. இந்தத் தலைசுற்றல் அத்தகையது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது ஒரு வகை. ரத்த அழுத்தம் திடீரென இறங்குவதால் அது நேரிடுகிறது. நடக்கும்போது கால் தள்ளாடுவது மற்றொரு வகை; நரம்புத் தளர்ச்சி, பார்வைக் குறைவு, மூட்டு வலி எனப் பல காரணங்கள் அதற்குண்டு. தன்னைச் சுற்றியுள்ள பொருள்கள் சுழல்வதாகத் தோன்றுவது மூன்றாவது வகை. இம்மூன்றாவது வகையில் மிகப் பரவலாகக் காணப்படுவது, தலையின் நிலை மாறும்போது மட்டும் வரும் சுழற்சி. படுக்கும்போதும், புரளும்போதும், பரணில் உள்ள பாத்திரத்தை அண்ணாந்து பார்த்து எடுக்கும்போதும், கோலமிடக் குனிந்து நிமிரும்போதும் அது வருகிறது. வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக 'பி.பி.பி.வி.' என்பர்.

ஜெர்மனியில் நடத்தப்பட்ட, 2007-இல் வெளியான மக்கள்தொகை ஆய்வு ஒன்று, எண்பது வயதுக்குள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இதை ஒருமுறையேனும் சந்திக்கிறார் என்று மதிப்பிட்டது. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு. அமெரிக்காவில் முதியோர் மருத்துவமனை ஒன்றுக்கு வேறு காரணங்களுக்காக வந்த 100 பேரைச் சோதித்தபோது, அவர்களுள் 9 பேருக்கு இந்தக் கோளாறு இருப்பதும், அது அதுவரை கண்டறியப்படாமலே இருந்ததும் தெரியவந்தது.

காதுக்குள் நடப்பது என்ன? கேட்பதற்கு மட்டுமன்றி, உடலைச் சமநிலையில் நிறுத்துவதற்கும் காதுதான் பொறுப்பு. உட்செவியில் சிறு பை ஒன்று உள்ளது. அதன் தளத்தில் கூழ் போன்ற படலம். அப்படலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்துகள்கள். இத்துகள்கள் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. எளிய தமிழில் சொன்னால், சுண்ணாம்புத் துகள்கள். நாம் தலையைச் சாய்க்கும்போது புவியீர்ப்பால் இவை சற்றே நகர்ந்து, 'தலை சாய்ந்திருக்கிறது' என்று மூளைக்குத் தெரிவிக்கின்றன. அந்தப் பைக்கு அருகிலேயே நீர்மம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை உணர்த்துவது அவற்றின் வேலை.

வயதாலோ, தலையில் பட்ட அடியாலோ, வேறு காரணங்களாலோ துகள்கள் சில படலத்திலிருந்து பெயர்ந்து, அரைவட்டக் குழலுக்குள், பெரும்பாலும் பின்பக்கக் குழலுக்குள், விழுந்துவிடுகின்றன. அதன்பின் தலையை அசைக்கும்போதெல்லாம் அவை குழலுக்குள் உருண்டு நீர்மத்தை இழுத்துச் செல்கின்றன. தலை அசைவது நின்ற பிறகும் நீர்மம் நகர்கிறது. 'இன்னும் சுழல்கிறோம்' என்று ஒரு காது மூளையிடம் சொல்கிறது. 'இல்லை' என்கின்றன மற்றொரு காதும் கண்ணும். இந்த முரண்பாடுதான் தலைசுற்றலாகவும் குமட்டலாகவும் வெளிப்படுகிறது. துகள்கள் குழலின் அடியில் தங்கியதும் சுழற்சி நின்றுவிடுகிறது.

இக்கோளாற்றை 1921-இலேயே விவரித்தவர் ராபர்ட் பாரானி. உட்செவியின் சமநிலை உறுப்பு பற்றிய ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் அவர். 1952-இல் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் ஆகிய இருவரும் இதைக் கண்டறியும் சோதனையை வகுத்தளித்தனர். நோயாளியை அமரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, விரைவாகப் பின்புறம் சாய்த்துப் படுக்கவைத்து, விழிகள் துடிப்பதைக் கவனிக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கட்டிலும் பயிற்சி பெற்ற கண்களும் போதும். பின்னர், அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரைச் சேர்ந்த மருத்துவர் ஜான் எப்லி, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, துகள்களை வந்த வழியே பைக்குத் திருப்பி அனுப்பும் முறையைக் கண்டறிந்தார். ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சிகிச்சையை நம்ப மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. இன்று உலகெங்கும் முதன்மைச் சிகிச்சை அதுவே. பெரும்பாலோருக்கு ஒருமுறை அல்லது இரண்டு மூன்று முறை செய்தால் சுழற்சி நின்றுவிடுகிறது.

ஆனால் அத்துடன் கதை முடிந்துவிடுவதில்லை. குணமானவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சில ஆண்டுகளில் இது மீண்டும் வருகிறது. சிலருக்கு ஓராண்டுக்குள்ளேயே பலமுறை வருகிறது. இடம் மாறிய துகளைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அது ஏன் மறுபடியும் பெயர்கிறது? இந்தக் கேள்விதான் ஆய்வாளர்களை எலும்பின் பக்கம் திருப்பியது.

ஸ்விட்சர்லாந்து மருத்துவர்கள் 2003-இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்று, இத்தலைசுற்றலுக்கு ஆளான, ஐம்பது வயதைக் கடந்த பெண்களுள் பெரும்பாலோருக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. தென்கொரிய மருத்துவர்கள் 2009-இல், 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான, நோயற்ற பிறருடன் ஒப்பிட்டனர். எலும்புப்புரையும், அதற்கு முந்தைய நிலையான எலும்பு அடர்த்திக் குறைவும் நோயாளிகளிடம் தெளிவாக மிகுந்திருந்தன. அவர்களே 2013-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது தெரியவந்தது. சூலகம் அகற்றப்பட்டு எலும்பு மெலிந்த எலிகளின் உட்செவியை ஆராய்ந்தபோது, அங்கிருந்த சுண்ணாம்புத் துகள்களின் அளவும் அடர்த்தியும் மாறியிருந்ததையும் ஆய்வாளர்கள் கண்டனர்.

இதற்குச் சொல்லப்படும் விளக்கம் பொருத்தமானதாகவே உள்ளது. எலும்பும் செவித்துகளும் கால்சியத்தைக் கொண்டே கட்டப்பட்டவை. உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். உட்செவி நீர்மத்தில் கால்சியத்தின் அளவைச் சீராக வைத்திருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. எலும்பிலிருந்து கால்சியம் அளவுக்கு மீறி வெளியேறாமல் காப்பது ஈஸ்ட்ரோஜன் சுரப்பு. மாதவிடாய் நின்ற பிறகு அக்காவல் தளர்கிறது. இடுப்பிலும் முதுகெலும்பிலும் நடக்கும் அதே தேய்மானம் காதுக்குள்ளும் நுண்ணளவில் நடக்கிறது. துகள்கள் நன்கு உருவாவதில்லை, படலத்தில் உறுதியாக ஒட்டுவதுமில்லை என்பதே அவ்விளக்கம்.

இங்கே பொருளியலாளனுக்கு ஒரு தயக்கம் எழும். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. வயது ஏறினால் எலும்பும் மெலியும், தலைசுற்றலும் வரும். இரண்டுக்கும் பொதுக்காரணம் முதுமையாகவே இருக்கலாம். தலைசுற்றலுக்கு அஞ்சி வெளியே செல்லாதவருக்கு வெயில் படாது. அதனாலும் வைட்டமின் டி குறையலாம். இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரே வழி, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவின் குறைபாட்டைச் சரிசெய்து பார்ப்பதுதான்.

அதையும் தென்கொரியர்களே செய்தனர். எட்டு மருத்துவமனைகளில் நடந்த அச்சோதனையின் முடிவு 2020-இல் 'நியூராலஜி' இதழில் வெளியானது. துகள்களைத் திருப்பி அனுப்பும் சிகிச்சையால் குணமான 957 பேரின் விவரங்கள் அதில் ஆராயப்பட்டன. ஒரு பிரிவினருக்கு ரத்தத்தில் வைட்டமின் டி அளவு பார்க்கப்பட்டு, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மட்டும் ஓராண்டுக்கு நாள்தோறும் இருவேளை, வேளைக்கு 400 யூனிட் வைட்டமின் டி-யும் 500 மில்லிகிராம் கால்சியமும் தரப்பட்டன. மற்றப் பிரிவினர் வெறுமனே கண்காணிக்கப்பட்டனர். கண்காணிக்கப்பட்டவர்களுள் 46.7 விழுக்காட்டினருக்குத் தலைசுற்றல் திரும்பி வந்தது. மாத்திரைப் பிரிவில் அது 37.8 விழுக்காடு. ஒருவருக்கு ஓராண்டில் வந்த தாக்குதல்களின் சராசரி 1.10-லிருந்து 0.83-ஆகக் குறைந்தது. அதாவது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. ஒப்பீட்டுப் பிரிவுக்குப் போலி மாத்திரை தரப்படவில்லை. எனவே நம்பிக்கையால் விளைந்த பயன் சிறிதளவு கலந்திருக்கலாம். குறைபாடு உள்ளவர்களுக்கே மருந்து தரப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. அமெரிக்காவில் 25,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த பெரிய சோதனையொன்று, குறைபாடு பார்த்துத் தெரிவு செய்யப்படாத, பொதுவாக நலமுள்ளவர்களுக்கு வைட்டமின் டி தருவதால் எலும்பு முறிவு குறைவதில்லை என்று 2022-இல் அறிவித்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாடம் எளிது: குறை உள்ள இடத்தில் நிரப்பினால் பயன் உண்டு, நிறைந்த பாத்திரத்தில் ஊற்றுவது வீண். வீண் மட்டுமன்று, தீங்கும்கூட. வாரம் ஒன்று என்று எழுதித் தரப்படும் 60,000 யூனிட் மருந்தைத் தவறாக நாள்தோறும் உட்கொண்டால், ரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படும்.

நம் நாட்டுக்கு வருவோம். மேலைநாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 51 வயதில். இந்தியப் பெண்களுக்கு ஏறத்தாழ 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனின் காவலை நம் பெண்கள் நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே இழக்கிறார்கள். வெயில் கொளுத்தும் நாடாக இருந்தும் வைட்டமின் டி குறைபாடு இங்கே மிகப் பரவலாக உள்ளது. தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புறஊதாக் கதிர் நண்பகலை ஒட்டிய வேளையிலேயே போதிய அளவு கிடைக்கும்; கண்ணாடிச் சன்னலை அது ஊடுருவாது; கருநிறத் தோலுக்கு அது கூடுதல் நேரம் பட வேண்டும். விடியற்காலை நடைப்பயிற்சி உடலுக்கு நல்லது. ஆனால் ஆறு மணி வெயில் எலும்புக்கு அதிகம் உதவாது.

உணவும் மாறிவிட்டது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு; அதே அளவு தீட்டிய அரிசியில் இருப்பது அதன் சிறு பகுதியே. கூழும் களியும் முருங்கைக்கீரையும் முள்ளோடு தின்னும் நெத்திலியும் ஏழை வீட்டு உணவுகளாக இருந்த காலம்போய், மூன்று வேளையும் அரிசியே என்றாகிவிட்டது. வீட்டிலுள்ள பாலும் மோரும் மற்றவர்களுக்குப் போக மிஞ்சியதே அவருக்கு என்பது பல குடும்பங்களில் இன்னும் எழுதப்படாத விதி.

ஒரு நிமிடத் தலைசுற்றலுக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பெண் விழுந்துவிடலாம் என்பதுதான் இங்கே கவலை. இதன் பெயரில் ஆங்கிலத்தில் 'தீங்கற்றது' என்னும் பொருள்தரும் சொல் ஒன்று உண்டு. நாற்பது வயதில் அது பொருந்தும். எழுபது வயதில், மெலிந்த எலும்போடு, குளியலறையில் நிற்கும் பெண்ணுக்கு அது பொருந்தாது. விழச் செய்யும் குறையும், விழுந்தால் உடையச் செய்யும் குறையும் ஒரே உடலில், ஒரே வேரிலிருந்து வந்து கூடுகின்றன. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன. பிழைத்தவர்களுள் பலர் மீண்டும் துணையின்றி நடப்பதில்லை.

என் தமக்கையார் மூன்றாண்டுகள் இந்தச் சுழற்சியோடு வாழ்ந்தார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பட்டை அணிவித்தார்கள். மூளையை இருமுறை ஸ்கேன் எடுத்தார்கள். தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, பகலெல்லாம் அயர்ந்து கிடந்தார். சுழற்சிக்கு அஞ்சி, மூன்று தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்தபடியே உறங்கப் பழகினார். இறுதியில் இளம் மருத்துவர் ஒருவர் அவரைக் கட்டிலில் சாய்த்து விழிகளைப் பார்த்தார். அங்கேயே தலையைத் திருப்பிச் சிகிச்சையும் செய்தார். பிறகு எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனை, அவருக்கு எலும்புப்புரை இருப்பதைக் காட்டியது. எலும்பின்மேல் பழி விழுந்தது சரிதான். ஆனால் அது கழுத்து எலும்பு அன்று.

இது தனியொரு மருத்துவமனையின் குறை அன்று. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகம் 2017-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், இந்நோய் உறுதியானவர்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்கவேண்டாம் என்றும், தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகளை வழக்கமாகத் தரவேண்டாம் என்றும் கூறுகிறது. அம்மாத்திரைகள் துகள்களை நகர்த்துவதில்லை. மயக்கத்தைத் தந்து, முதியோர் விழும் வாய்ப்பையே கூட்டுகின்றன. ஆயினும் நடைமுறை மாறுவதில்லை. மாத்திரையை விற்க நிறுவனம் உண்டு. ஸ்கேன் கருவியின் கடனை அடைக்க நோயாளிகள் வேண்டும். தலையைத் திருப்பிவிடும் ஐந்து நிமிடச் சிகிச்சையை விளம்பரம் செய்ய யாரும் இல்லை. விற்பவர் இல்லாத பொருளைச் சந்தை கொண்டுவந்து சேர்க்காது. இத்தகைய இடத்தில்தான் அரசு நுழைய வேண்டும் என்று பொருளியல் கூறுகிறது.

இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து தருவது 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், நம் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்க்கப்பட்டவருக்கே உதவுகின்றன. புறநோயாளியாக அலையும் தலைசுற்றல்காரரின் செலவு இன்றும் குடும்பத்தின் பையிலிருந்தே போகிறது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு காப்பீடு கைகொடுக்கும். முறியாமல் காக்கக் கைகொடுப்பதில்லை.

பெண்கள் இதை வெளியே சொல்லாததற்கும் காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடங்கள்; ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். ஐந்து மணி நேர வேலை காத்திருக்கும்போது ஒரு நிமிடத் தலைசுற்றலைப் பற்றி யாரிடம் முறையிடுவது? சுவரைப் பிடித்து நின்று, அடங்கியதும் அடுப்பை மூட்டுகிறார்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வீட்டிலுள்ள மூத்த பெண் தலை சுற்றுகிறது என்றால் மூன்று கேள்விகள் கேட்கலாம். எப்போது வருகிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? பொருள்கள் சுழல்கின்றனவா, கண் இருட்டுகிறதா? இவற்றுக்கான விடைகளே மருத்துவருக்குப் பாதி வழி காட்டிவிடும். பேச்சுக் குழறல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், முகமோ கை காலோ ஒரு பக்கம் செயலிழத்தல், நிற்கவே இயலாமை, கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உடன் இருந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. காது கேளாமையோ இரைச்சலோ சேர்ந்து வந்தால் வேறு நோயாக இருக்கக்கூடும். சுழற்சி இருமுறைக்கு மேல் திரும்பி வந்தால், காதுச் சிகிச்சையோடு நிறுத்தாமல், வைட்டமின் டி அளவும் எலும்பு அடர்த்தியும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. காணொளியைப் பார்த்துத் தாமே தலையைத் திருப்பிக்கொள்வதும், கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதும் வேண்டாம்.

அரசு செய்ய வேண்டியவையும் உண்டு. 2021-ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டு மக்களுள் 13.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையிலும் எப்லி முறையிலும் அவர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் முறையான பயிற்சி அளித்தால், புதிய கட்டடமோ கருவியோ இன்றி இச்சிகிச்சை சிற்றூர்வரை சென்று சேரும். எலும்பு அடர்த்திப் பரிசோதனை மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேனும், மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023-இல் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு தரும் முன்னோட்டம் தொடங்கப்பட்டது. அதை மாநிலம் முழுமைக்கும் விரிவாக்குவது எலும்புக்கும் உழவருக்கும் ஒருசேர நன்மை தரும்.

முதுமையின் துன்பங்கள் பலவற்றுக்கு மருத்துவத்திடம் இன்றும் விடை இல்லை. இதற்கு இருக்கிறது, அதுவும் ஒரு கட்டிலும், ஐந்து நிமிடமும், ஒரு ரத்தப் பரிசோதனையும் கேட்கும் விடை. 'வயதானால் அப்படித்தான்' என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த விடையை ஒரு பெண்ணுக்கு மறுத்துவிடுகிறோம். அவர் கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும்வரை காத்திருப்பது குடும்பத்துக்கும் நட்டம், நாட்டுக்கும் நட்டம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).